படத்தில் வருவதுபோல் நினைவு திரும்புமா?

தலையில் அடிபட்ட ஒருவரை மருத்துவமனையில் சேர்த்து, ஸ்கேன் எடுத்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்னதும், உறவினர் மனத்தில் எழும் அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எங்களையெல்லாம் மறந்துடுவாரா டாக்டர், படத்துல வர்ற மாதிரி?" அடிபட்டவர் இரவுப் பணி முடிந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து வீடு திரும்பும்போது இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்தவராக இருக்கலாம், காக்களூர்த் தொழிற்பேட்டையில் ஏணியிலிருந்து தவறியவராக இருக்கலாம், திருவள்ளூரில் தம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டியாகவும் இருக்கலாம். கேள்வி மட்டும் மாறுவதில்லை.

இவ்வாறு கேட்பதில் தவறில்லை. நினைவிழப்பு என்பதை நம்மில் பலர் முதன்முதலில் கண்டது திரையில்தான். சிவாஜி கணேசன் நடித்து 1956-இல் வெளிவந்த 'அமர தீபம்' காலம் முதலே, நினைவை இழந்தவர்களின் கதை தமிழ்த் திரைக்குப் புதிதன்று. ஆனால் திரை கற்றுத்தந்த பாடத்தை அப்படியே வீட்டிற்குக் கொண்டுவரும்போது துன்பம் தொடங்குகிறது. ஒரு பாட்டைக் கேட்டதும், ஒரு புகைப்படத்தைக் கண்டதும் எல்லாம் ஒரே நொடியில் திரும்பிவிடும் என்று குடும்பத்தார் காத்திருக்கின்றனர். அந்த நொடி வராதபோது நோயாளியின்மேல் சினம் கொள்கின்றனர். அல்லது மனம் தளர்ந்துபோகின்றனர். ஆகவே, நாம் நன்கறிந்த மூன்று தமிழ்ப் படங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் மெய் எது, கற்பனை எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நினைவு ஒன்றல்ல, பல

படங்களைப் பார்க்குமுன், நினைவு எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நல்லது. ஒருவர் சொல்லும் தொலைபேசி எண்ணை எழுதி முடிக்கும்வரை மனத்தில் தாங்கியிருக்கிறோமே, அது சில நொடிகளே நிற்கும் குறுகிய கால நினைவு. காலையில் என்ன உண்டோம், நேற்று யார் வந்தார் என்பவை நீண்ட கால நினைவில் புதிதாகப் பதிபவை. நம் பெயர், பிறந்த ஊர், பள்ளிப் பருவம் ஆகியவை பல்லாண்டுகளாகப் பதிந்து உறுதிப்பட்டவை. மிதிவண்டி ஓட்டுவது, பூத்தொடுப்பது, லேத் இயந்திரத்தைக் கையாள்வது போன்ற கைப்பழக்கங்கள் வேறொரு வகை. இவை யாவும் மூளையின் ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருப்பவை அல்ல. அதனால்தான் ஒன்று கெட்டாலும் மற்றொன்று கெடாமல் நிற்கிறது.

இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு நோயாளி. அமெரிக்காவைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் கடும் வலிப்பு நோயால் துன்புற்றவர். 1953-இல், அவருடைய 27-ஆம் வயதில், மூளையின் இருபுறமும் ஹிப்போகாம்பஸ் எனப்படும் பகுதியின் பெரும்பங்கை அறுவை செய்து அகற்றினர். வலிப்பு குறைந்தது, ஆனால் அன்றுமுதல் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. அவரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் புதியவராகவே தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஆயினும் மொலைசன் தம் பெயரை மறக்கவில்லை. இளமைப் பருவத்தை மறக்கவில்லை. அன்போடும் பொறுமையோடும் பேசுவதையும் மறக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் கடினமான பயிற்சியை அவருக்கு அளித்தபோது, நாள்தோறும் கை தேர்ச்சி பெற்றது. முந்தைய நாள் வரைந்தது மட்டும் அவருக்கு நினைவில்லை. 2008-இல், 82-ஆம் வயதில் அவர் மறையும்வரை இந்நிலை நீடித்தது.

இதனை மனத்திற்கொண்டு இனிப் படங்களுக்கு வருவோம்.

நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்

2012-இல் பாலாஜி தரணீதரன் இயக்கத்தில் விஜய் சேதுபதி நடித்த இப்படம் உண்மை நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டது. அந்நிகழ்ச்சிக்கு உள்ளானவர் அப்படத்தின் ஒளிப்பதிவாளரான பிரேம்குமாரே. பின்னாளில் '96' படத்தை இயக்கியவரும் அவர்தான். தம் திருமணத்தை ஒட்டி, கிரிக்கெட் விளையாடும்போது விழுந்து தலையில் அடிபட்டு, அண்மைக்கால நினைவுகளை அவர் தற்காலிகமாக இழந்தார். படத்தின் நாயகனுக்கும் பிரேம் என்றே பெயர்.

மருத்துவ நோக்கில் பார்த்தால், தமிழ்ப் படங்களில் மிகவும் மெய்யாக அமைந்தது இதுவே எனலாம். நாயகன் தன் பெயரை மறப்பதில்லை, நண்பர்களை அறிகிறான். ஆனால் அண்மைக்கால நிகழ்ச்சிகள் அழிந்திருக்கின்றன. தான் மணக்கவிருக்கும் பெண்ணையே யாரென்று கேட்கிறான். எல்லாவற்றிற்கும் மேலாக, என்ன நடந்தது என்ற கேள்வியை அதே சொற்களில், அதே வரிசையில் திரும்பத் திரும்பக் கேட்கிறான். திரையரங்கில் நாம் சிரித்த அக்காட்சியைத் தலைக்காய நோயாளிகளின் படுக்கையருகே உண்மையாகவே காணலாம். கேட்ட விடை மனத்தில் பதியாததால் கேள்வி மீண்டும் எழுகிறது. அவருக்கு அது ஒவ்வொரு முறையும் முதன்முறைதான்.

படத்தில் இரண்டு செய்திகளைத் திருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, அடிபட்ட இடமாக நாயகன் அடிக்கடி சொல்லும் 'மெடுல்லா ஆப்லங்கேட்டா', அதாவது முகுளம், நினைவுக்குரிய பகுதி அன்று. மூச்சையும் இதயத் துடிப்பையும் ஒழுங்குசெய்யும் பகுதி அது. புதிய நினைவுகளைப் பதிக்கும் பணி, மூளையின் பக்க மடல்களின் உட்புறத்தில் உள்ள ஹிப்போகாம்பஸைச் சார்ந்தது. இரண்டாவது, நண்பர்கள் செய்தியை மறைத்து மணமேடைவரை அழைத்துச் செல்வது. கதைக்கு அது சுவை, வாழ்க்கையில் ஆபத்து. தலையில் அடிபட்டுக் கேட்டதையே கேட்பவர், மூளையில் இரத்தம் கசியவில்லை என்று உறுதியாகும்வரை மருத்துவக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

இங்கே உடனிருப்பவரின் சாட்சி மிக முக்கியம். அடிபட்ட பின் இவ்வாறு குழம்பியிருக்கும் காலம் எவ்வளவு நீடித்தது என்பதைக்கொண்டு காயத்தின் கடுமையை மருத்துவர் கணிக்கிறார். ஒரு மணி நேரத்திற்குள் தெளிந்தால் பெரும்பாலும் இலேசான காயம். ஒரு நாளைக் கடந்தால் கடுமையான காயம். நோயாளியால் அக்கணக்கைச் சொல்ல இயலாது. நம் பகுதியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து பணிபுரிவோர் பலர். அவர்களுக்கு இங்கே தாயும் இல்லை, மனைவியும் இல்லை. அறைத் தோழர் ஒருவரே உறவு. அத்தோழர் வேலைக்குத் திரும்பும் அவசரத்தில் சென்றுவிடாமல், எப்போது விழுந்தார், எவ்வளவு நேரம் மயங்கியிருந்தார், எப்போதிருந்து தெளிவாகப் பேசுகிறார் என்பவற்றைச் சொல்லிவிட்டுச் செல்வது பேருதவி. நோயாளியிடம் அவருடைய தாய்மொழியில் பேசிப் பார்த்துச் சொல்வது அதனினும் நன்று. தமிழ் புரியாமையால் எழும் தயக்கத்தையும் காயத்தால் வந்த குழப்பத்தையும் அப்போதுதான் பிரித்தறிய முடியும்.

கஜினி

2005-இல் ஏ.ஆர். முருகதாஸ் இயக்கத்தில் சூர்யா நடித்த 'கஜினி', 'ஷார்ட் டேர்ம் மெமரி லாஸ்' என்னும் தொடரைத் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்தது. தலையில் இரும்புக் கம்பியால் அடிபட்ட நாயகனுக்குப் பதினைந்து நிமிடங்களுக்குமேல் எதுவும் நினைவில் நிற்பதில்லை. உடலில் பச்சை குத்தியும், புகைப்படம் எடுத்துக் குறிப்பெழுதியும் அவன் வாழ்கிறான். 2000-இல் வெளிவந்த 'மெமென்டோ' என்னும் ஆங்கிலப் படத்தின் கருவிலிருந்து பிறந்தது இக்கதை.

இதில் மெய்யானது, காயத்திற்குப் பின் புதியவற்றைப் பதித்துக்கொள்ள இயலாத நிலை உண்டு என்பது. ஆனால் அதற்குப் படம் சூட்டிய பெயர் பொருந்தாது. மேலே சொன்னபடி, குறுகிய கால நினைவு என்பது சில நொடிகளே நிற்பது. இத்தகைய நோயாளிகளிடம் அது பெரும்பாலும் கெடுவதில்லை. அதனால்தான் அவர்கள் எதிரில் அமர்ந்து இயல்பாக உரையாடுகின்றனர். கவனம் வேறு பக்கம் திரும்பியதும் பேசியது மறைந்துபோகிறது. மேலும், கடிகாரம் வைத்தாற்போல் பதினைந்து நிமிடத்தில் அழியும் நினைவு இல்லை. சோர்வு, தூக்கமின்மை, இரைச்சல், மனக்கலக்கம் ஆகியவற்றுக்கேற்ப ஒரே நாளில் நினைவு கூடும், குறையும். இவ்வளவு கடும் நினைவிழப்புள்ள ஒருவர் தனியே திட்டமிட்டு எதிரியைத் தேடிச் செல்வதும் நடவாத செயல்.

எனினும் இப்படத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்க நற்பாடம் ஒன்று உண்டு: நினைவை வெளியே எழுதி வைக்கலாம். பச்சை குத்த வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம், சுவரில் பெரிய எழுத்து நாட்காட்டி, கைப்பேசியில் அலாரம், மாத்திரைகளுக்கு நேரவாரியாகப் பிரித்த பெட்டி ஆகியவை போதும். நினைவாற்றல் மறுவாழ்வுப் பயிற்சியில் பயன்தரும் முறைகளில் இது முதன்மையானது. 'எழுதி வைத்தால் மூளை சோம்பிவிடும்' என்று அஞ்சி இவற்றைத் தடுக்க வேண்டாம்.

மூன்றாம் பிறை

1982-இல் பாலு மகேந்திரா இயக்கத்தில் கமல்ஹாசனும் ஸ்ரீதேவியும் நடித்த 'மூன்றாம் பிறை'யைக் கண்டு கலங்காதவர் இலர். மகிழுந்து விபத்தில் தலையில் அடிபட்ட இளம்பெண் சிறுமியின் மனநிலைக்குத் திரும்புகிறாள். அவளைக் காப்பாற்றி உதகைப் பகுதிக்கு அழைத்துச் சென்று பேணுகிறான் பள்ளி ஆசிரியன் ஒருவன். வைத்தியம் பலித்து அவள் பழைய நிலைக்கு மீளும்போது, தன்னைப் பேணிய காலத்தையும் பேணியவனையும் அறவே மறந்துவிடுகிறாள்.

மருத்துவ நோக்கில் இக்கதை அரிதினும் அரிது. தலைக்காயம் ஒரு பெண்ணைச் சிறுமியாக்கிவிடுவதில்லை. காயத்தால் நினைவிழப்போர் அண்மைக் காலத்தை மறப்பர். தொலைவில் உள்ள பழைய காலம் பெரும்பாலும் தங்கியிருக்கும். பிரெஞ்சு அறிஞர் ரிபோ 1881-லேயே எடுத்துரைத்த ஒழுங்கு இது. தான் யார் என்பதையே மறக்கும் நிலை, அடிபடுவதைவிட, தாங்கொணா மன அதிர்ச்சியால்தான் எப்போதேனும் நேர்கிறது. அதுவும் பெரும்பாலும் நீடிப்பதில்லை. சிகிச்சையின் ஒரே நாளில் எல்லாம் திரும்புவதும் திரைக்கே உரியது. லண்டனைச் சேர்ந்த நரம்பியல் உளவியலாளர் சாலி பேக்சன்டேல், 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் 2004-இல் எழுதிய கட்டுரையில் உலகப் படங்கள் பலவற்றை ஆராய்ந்து, அவற்றின் நினைவிழப்பு மெய்யான நோயோடு பெரும்பாலும் பொருந்தவில்லை என்றார். பொருந்திய சிலவற்றுள் 'மெமென்டோ'வோடு, குழந்தைகள் படமான 'ஃபைண்டிங் நீமோ'வின் மறதிக்கார மீனையும் அவர் சேர்த்தார். இரண்டாம் அடியால் நினைவு திரும்பும் காட்சி பல படங்களில் உண்டு. அதனை வேடிக்கைக்கும் நம்ப வேண்டாம். காயம்பட்ட மூளைக்கு மறு அடி மிகப் பெரிய கேடு.

ஆனால் 'மூன்றாம் பிறை'யின் இறுதியில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் இருபது நாள் பாயை விரித்துப் படுத்திருந்த மனைவியை எண்ணிப் பாருங்கள். கணவர் கண்விழித்தார், பேசினார், அவள் ஊட்டிய கஞ்சியைக் குடித்தார், சண்டையும் போட்டார். இரண்டு மாதம் கழித்து நலமாகி வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவரிடம் அந்நாட்களைப் பற்றிக் கேட்டால், "ஆஸ்பத்திரியில இருந்தேனா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்கிறார். அவளுக்கு வாழ்வின் மிகக் கொடிய நாட்கள்; அவருக்கு வெற்றுத் தாள். அடிபட்ட கணமும் அதையடுத்த குழப்ப நாட்களும் பெரும்பாலும் என்றுமே நினைவுக்குத் திரும்புவதில்லை. அவை எங்கோ பூட்டப்பட்டிருப்பதால் அன்று, முதலிலேயே பதியாததால்.

இதனைப் பராமரிப்பாளர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அது நன்றி மறத்தல் அன்று. அதே வேளையில், உங்கள் பணிவிடை வீணாகவும் இல்லை. சுவிஸ் மருத்துவர் கிளாபரேட் 1911-இல் பதிவு செய்த ஒரு நிகழ்ச்சி இதற்குத் துணை. நினைவிழந்த ஒரு பெண்மணியோடு கைகுலுக்கும்போது, விரலிடையே மறைத்திருந்த ஊசியால் அவர் மெல்லக் குத்தினார். பின்னர் மீண்டும் கைநீட்டியபோது, முன் நடந்தது சற்றும் நினைவின்றியே அப்பெண்மணி கையை இழுத்துக்கொண்டார். நிகழ்ச்சி மறந்தாலும் அதன் உணர்வு தங்கியிருந்தது. குத்திய ஊசியே தடம் பதிக்குமாயின், நாள்தோறும் தொட்ட அன்பான கையும் தடம் பதிக்காதா? யாரென்று சொல்லத் தெரியாதபோதும் உங்கள் குரல் கேட்டு நோயாளி அமைதியடைவதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. தேர்வு வைக்காதீர்கள். பார்க்க வருவோர் ஒவ்வொருவரும் "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று கேட்பது நம் வழக்கம். விடை தெரியாத நோயாளி கூனிக்குறுகிப்போகிறார். "நான்தான் உங்க சித்தி பையன், மீஞ்சூர்ல இருந்து வந்திருக்கேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

2. கேட்டதையே கேட்டால், அதே விடையைச் சுருக்கமாக, அமைதியாகச் சொல்லுங்கள். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்வையில் படும்படி வையுங்கள்.

3. "பத்து வருஷத்துக்கு முந்தி நடந்தது தெரியுது, காலையில சாப்பிட்டது தெரியலையா? நடிக்கிறார்" என்று எண்ணாதீர்கள். நோயின் இயல்பே அதுதான். நடவாததை நடந்ததாகச் சொன்னாலும் அது பொய்யன்று. இடைவெளியை மூளை தானறியாமல் நிரப்புகிறது. வாதிடாமல் பேச்சை மெல்லத் திருப்புங்கள்.

4. எழுதல், உண்ணல், நடத்தல், உறங்கல் ஆகியவற்றுக்கு ஒரே நேரம், பொருள்களுக்கு ஒரே இடம் என்று பழக்குங்கள். கைப்பழக்கமாகும் செயல் நினைவின் துணையின்றியே நடக்கும்.

5. மதுவை அறவே விலக்குங்கள். காயம்பட்ட மூளை மீள்வதை அது தடுக்கும். நெடுநாள் குடியோடு தயமின் என்னும் வைட்டமின் குறைவும் சேர்ந்தால் அதுவே நிலையான நினைவிழப்பைத் தோற்றுவிக்கும்.

6. வேலைக்குத் திரும்புவதில் அவசரம் வேண்டாம். நன்றாகப் பேசுகிறார், பழையதெல்லாம் சொல்கிறார் என்பதால் முழுமையாகத் தேறிவிட்டார் என்பது இல்லை. கவனச் சிதறலும் சோர்வும் தலைக்காயத்தின் பின் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். பிரஸ் இயந்திரம், கிரேன், உலை, உயரத்துப் பணி, வாகனம் ஓட்டுதல் ஆகியவற்றில் ஒரு நொடிக் கவனக்குறைவு ஒரு கையையோ உயிரையோ கொள்ளும். மருத்துவர் தகுதிச் சான்று அளிக்கும்வரை பொறுத்திருங்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளிக்குப் பணியிடக் காயத்தால் வேலைக்குச் செல்ல இயலாத நாட்களில் ஊதியத்தின் 90 விழுக்காடு அளவுக்கு உதவித்தொகை உண்டு. உரிய சான்றிதழ்களை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

முதியோரின் மறதி

முதியோரிடம் படிப்படியாக வளரும் மறதியையும் திரைக்கண்ணால் பார்க்கக் கூடாது. அறுபது ஆண்டுக்கு முந்தைய திருமணத்தை அழகாக விவரிக்கும் பாட்டி, அடுப்பில் பால் வைத்ததை நாள்தோறும் மறந்தால், "பழசெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கே" என்று அமைதி கொள்ளாதீர்கள். அல்சைமர் போன்ற மறதி நோயில் முதலில் குறைவது புதியதைப் பதிக்கும் திறனே. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் விளைவு ஆகியவற்றாலும் மறதி வரும். இவை சிகிச்சையால் சீராகக் கூடியவை. விழுந்து சில வாரங்கள் கழித்து முதியவர் குழம்பினாலும் தள்ளாடினாலும், மூளை உறையின்கீழ் மெல்ல இரத்தம் சேர்ந்திருக்கலாம். ஆகவே 'வயசானா அப்படித்தான்' என்று விடாமல் ஒருமுறை அழைத்து வாருங்கள்.

உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய அறிகுறிகள்

தலையில் அடிபட்டவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், வலிப்பு, கை கால் ஒன்றில் பலவீனம், பேச்சுக் குழறல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீரோ இரத்தமோ வடிதல், கண்மணிகள் இரண்டும் வேறு வேறு அளவில் தோன்றுதல் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். சாலை விபத்தாயின், 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், அதில் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, உச்சவரம்புக்கு உட்பட்டு, கட்டணமின்றிக் கிடைக்கும். பிற மாநிலத் தொழிலாளர்க்கும் இது பொருந்தும். பணத்தை எண்ணி நேரத்தை இழக்க வேண்டாம்.

திரையில் நினைவு திரும்ப ஒரு காட்சி போதும். வீட்டில் அது சிறிது சிறிதாக, சில நாள் முன்னும் சில நாள் பின்னுமாகத் திரும்புகிறது. சில பகுதிகள் திரும்பாமலும் போகலாம். அந்த ஏற்ற இறக்கத்தை மருத்துவர் அறிய உங்கள் உதவி தேவை. ஆகவே இன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். நோயாளி இன்று எதை நினைவில் வைத்தார், எதை மறந்தார், எவ்வளவு நேரம் உறங்கினார் என்று நாளுக்கு இரண்டு வரி எழுதுங்கள். நீங்கள் உண்டீர்களா, உறங்கினீர்களா என்பதையும் அதில் ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது அந்த நோட்டையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.